சூடு என்று நினைத்த நான்கு நாள்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், அவிநாசியில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் பண்ணி, "நீ பம்பு கம்பெனியில இருக்கிறவன். அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தைப் பத்தி இருபது நிமிஷம் பேசிரு"ன்னார். நல்ல தலைப்புதான். 6 நீரேற்று நிலையம், 1,045 குளம் குட்டை, நம் அப்பாரு காலத்திலிருந்து கேட்டுக் கேட்டு 2024 ஆகஸ்டில்தான் திறந்து வைத்தார்கள். அதைப் பேச இங்கே என்னைவிட விஷயம் தெரிந்த சிவில் துறை நண்பர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால், "அண்ணா, நான் வேற ஒரு குழாயைப் பத்திப் பேசறனுங்க"ன்னேன். என்ன குழாய் என்று கேட்டார். சொன்னேன். சித்த நேரம் சத்தமே இல்லை. "ஏப்பா, லேடீஸ் எல்லாம் வருவாங்களே"ன்னார். அவர்களும் கேட்கட்டும் என்றுதான் பேச வந்தேன். ஏனென்றால் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது என் மனைவி. நானாக இருந்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

2023 மே மாதம். இந்த ஊரில் தேரோட்டம் முடிந்த சமயம். வெயில் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு மில்லில் பம்பு மாற்றும் வேலை. தினமும் பைக்கில் போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல். பத்து நிமிஷத்தில் மறுபடி முட்டுகிறது. போனால் நாலு சொட்டு. அவசரம் என்றால் அப்படி ஓர் அவசரம். மில்லில் பேனலைத் திறந்து வைத்துவிட்டு ஓட வேண்டியிருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "சூடு புடிச்சிருக்குது சாமி. வெயில்ல வண்டி ஓட்டுனா வேற என்னாகும். ரெண்டு எளநி குடி"ன்னாங்க. எளநி குடித்தேன். வெந்தயம் ஊற வைத்துக் குடித்தேன். நல்லெண்ணெயில் பூண்டு, மிளகு, சீரகம் போட்டுக் காய்ச்சிக் கால் கட்டை விரலில் வைத்துக்கொண்டேன். ஒரு பலனும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி குளிர் வந்தது. சாதாரணக் குளிர் இல்லை, கட்டில் ஆடுகிற நடுக்கம். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு கிடந்தேன். காய்ச்சல் 103. இடுப்புக்குக் கீழே, உட்காரும் இடத்துக்கும் விதைப்பைக்கும் நடுவில், உள்ளுக்குள் யாரோ ஆப்பு அடித்து வைத்த மாதிரி வலி. நாற்காலியில் உட்கார முடியவில்லை.

புதன்கிழமை ஒரு கிளினிக்குக்குப் போனேன். அங்கே நான் செய்த தப்பைச் சொல்லத்தான் இந்த மேடைக்கே வந்திருக்கிறேன். "என்ன தொந்தரவு?" என்று கேட்டார் டாக்டர். "காய்ச்சலுங்க"ன்னு மட்டும் சொன்னேன். பக்கத்தில் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார்கள், கதவுக்கு வெளியே தெரிந்தவர்கள் ரெண்டு பேர் இருந்தார்கள். ஒண்ணுக்கு எரிகிறது, கீழே வலிக்கிறது என்று வாய் வரவில்லை. அவர் பாவம், காய்ச்சலுக்கு என்ன பார்ப்பார்களோ அதைப் பார்த்தார். டெங்கு இல்லை, மலேரியா இல்லை. பாரசிட்டமால் எழுதிக் கொடுத்தார். எழுதாத ஒன்றை நானே போய் மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினேன்: சிப்ரோஃப்ளாக்சசின், நாலு மாத்திரை. முன்பொரு தடவை வயிற்றுப்போக்குக்குச் சாப்பிட்டது ஞாபகம் இருந்தது. கடைக்காரரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கேட்டவன் நான், அதுவும் படித்தவன்.

வியாழக்கிழமை காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அன்று ராத்திரி ஒண்ணுக்கு நின்றே போய்விட்டது. அடிவயிறு கல் மாதிரி. பொடக்காலிக்கும் கட்டிலுக்கும் நடந்து நடந்து, கடைசியில் நடக்கவும் முடியவில்லை. பேச்சு குழற ஆரம்பித்தது. "ஏனுங்க, இது வெறும் காச்ச இல்லீங்க, கெளம்புங்க"ன்னு சொல்லி என் மனைவி மச்சானுக்குப் போன் போட்டாள். ராத்திரி 2 மணிக்குக் கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்த அழுத்தம் 86-க்கு 50. நாடி 130. ரத்தத்திலேயே கிருமி ஏறி உடம்பு தளர்ந்து போகும் நிலைமை. இன்னும் அரை நாள் விட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்று அந்த டாக்டரிடம் நான் கேட்கவில்லை.

வயதான டாக்டர். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "தம்பி, யூரின்ல எரிச்சல் இருந்துச்சா?" இருந்ததுங்க, நாலு நாளாக. "அதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?" நான் பதில் சொல்லவில்லை. கையுறை போட்டுக்கொண்டு ஆசனவாய் வழியாக விரல் விட்டு மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். உயிர் போய்த் திரும்பியது. "கிளாண்ட் வீங்கியிருக்கு"ன்னார். எனக்கு அந்த மயக்கத்திலும் பம்பு கிளாண்ட்தான் ஞாபகம் வந்தது. மெக்கானிக்கல் நண்பர்கள் சிரிப்பது கேட்கிறது. ஆனால் விஷயம் ஏறக்குறைய அதேதான். பம்பில் ஷாஃப்டைச் சுற்றிப் பேக்கிங் இருக்கிற மாதிரி, சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு வளையமாக உட்கார்ந்திருக்கிறது புராஸ்டேட் சுரப்பி. வாலிபத்தில் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு, சுமார் 20 கிராம். விந்தோடு சேரும் நீரில் ஒரு பங்கைச் சுரப்பது அதன் வேலை. பேக்கிங்கை அதிகமாக முறுக்கினால் ஷாஃப்ட் இறுகிப்போகும் அல்லவா? அதே மாதிரி இது வீங்கினால் நடுவில் போகும் குழாய் நசுங்கும். அதனால்தான் எனக்கு அடைத்துக்கொண்டது.

இதற்குள் திடீரென்று பாக்டீரியா புகுந்து பெருகுவதைத்தான் புராஸ்டேட்டின் தீவிரத் தொற்று என்கிறார்கள். பெரும்பாலும் கிருமி ஈ.கோலை, நம் குடலில் சாதாரணமாகக் குடியிருப்பதுதான். அது சிறுநீர்க் குழாய் வழியாக மேலேறி, அங்கிருந்து சுரப்பிக்குள் போகிறது. கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் என்று வேறு சிலவும் உண்டு. சிறுநீர்க் குழாயில் டியூப் போட்டவர்களுக்கும், புராஸ்டேட்டில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பரிசோதித்தவர்களுக்கும் வரலாம். வாலிபர்களுக்குச் சில சமயம் பாலியல் தொடர்பால் பரவும் கிருமிகளாலும் வரும். டாக்டர் அதைப் பற்றிக் கேட்டால் தம்பிகள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவர் மருந்தைத் தேர்ந்தெடுக்கத்தான் கேட்கிறார், உங்கள் வீட்டுக்குத் தந்தி கொடுக்க இல்லை.

வெயிலா காரணம், பைக்கா காரணம் என்று டாக்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் இல்லை தம்பி, கிருமி"ன்னார். தண்ணீர் குறைவாகக் குடித்தால் மஞ்சளாகப் போகும், கொஞ்சம் எரியும், அது உண்மை. ஆனால் அதில் குளிர் காய்ச்சல் வராது. இதை அம்மாவிடம் சொல்லிப் புரிய வைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. வெறும் சிறுநீர்ப்பைத் தொற்றாக இருந்தால்கூடப் பொதுவாக 103 காய்ச்சல் வராது. ஆம்பளைக்கு ஒண்ணுக்கில் எரிச்சலோடு நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், ஒன்று புராஸ்டேட், இல்லை சிறுநீரகம். விலாப்பக்கம் வலித்தால் சிறுநீரகத்தை நினைக்கலாம். கீழே, உட்காரும் இடத்தில் வலித்தால், நீர் அடைத்தால், புராஸ்டேட். இரண்டுமே அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சமாசாரம். மழைக்காலம் வந்தால் கோவை, திருப்பூர்ப் பக்கம் எந்தக் காய்ச்சலையும் டெங்கு என்றுதான் முதலில் பார்ப்பார்கள், அது சரியும்கூட. ஒண்ணுக்கு எப்படிப் போகிறது என்பதை நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

எனக்கு என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். முதலில் சிறுநீரும் ரத்தமும் கல்ச்சருக்கு எடுத்தார்கள். எடுத்த பிறகுதான் ஊசி மருந்து. கல்ச்சர் என்றால் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பது. மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி வளராமலே போகலாம், அப்புறம் இருட்டில்தான் அடிக்க வேண்டும். உங்களிடம் யாராவது பாட்டில் கொடுத்து மாதிரி கேட்டால், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து உடனே லேப்பில் கொடுங்கள். நாள் முழுக்கச் சட்டைப்பையில் வைத்திருந்து கொடுத்தால் வேறு கிருமிதான் வளரும். அடுத்து, அடைப்புக்கு அடிவயிற்றின் வழியாக நேரே சிறுநீர்ப்பைக்குள் ஒரு டியூப் போட்டார்கள். வீங்கிய சுரப்பியை முட்டிக்கொண்டு கீழ் வழியாகப் போடாமல் இப்படிச் செய்வதும் உண்டு. முக்கால் லிட்டருக்கு மேல் வந்தது. அந்த நிம்மதியை நான் இன்னும் வேறு எதிலும் பார்க்கவில்லை. இன்னொன்று, இந்த நிலையில் சுரப்பியை அமுக்கி மசாஜ் செய்யக்கூடாது, கிருமி ரத்தத்தில் போய்விடும். பஸ் ஸ்டாண்டு சுவரில் 'ஆண்மை' போஸ்டர் ஒட்டி லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர்களிடம் வெட்கத்தில் போகும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. ஈ.கோலை. நான் கடையில் வாங்கிய சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அது சாகாது. வாய்வழி மாத்திரைகளில் பாதிக்கு மேல் எதற்கும் சாகாது. ஈ.எஸ்.பி.எல். வகையாம், அதாவது பல மருந்துகளை உடைத்துப் போடும் நொதியைத் தானே தயாரிக்கும் கிருமி. இதற்கு முன்னால் நான் ஆஸ்பத்திரியில் படுத்ததே இல்லை. இப்படிப்பட்ட கிருமி எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "நம்ம ஊர்ல பாதிப் பேர் குடல்ல இதுதான் இருக்கு"ன்னு சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் சொன்னது கணக்கு இல்லை, ஆதங்கம். ஆனால் ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் ஈ.கோலை மாதிரிகளில் பெரும்பாலானவை சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மசிவதில்லை என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறிக்கைகள் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. நம் காலத்திலேயே அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டோம், தலைவலிக்கும் சளிக்கும் ரெண்டு ரெண்டாக வாங்கிச் சாப்பிட்டே. 2014 மார்ச்சிலிருந்து ஹெச்-1 என்று ஒரு பட்டியல் அமலில் இருக்கிறது. அதில் உள்ள ஆன்டிபயாடிக்குகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எழுதி, அந்தப் பதிவேட்டை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள். கடைக்காரர் மறுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குக் கார்பபெனம் வகை ஊசி வேலை செய்தது. 6 நாள் உள்ளே இருந்தேன். அப்புறம் தினம் ஒரு தடவை எர்டாபெனம் ஊசி, வீட்டிலிருந்து போய்ப் போட்டுக்கொண்டேன். மொத்தம் 4 வாரம். இது எனக்கு வந்த கிருமிக்கான மருந்து. உங்களுக்கு வந்தால் உங்கள் கிருமிக்கு எது என்று உங்கள் கல்ச்சர்தான் சொல்லும். பலருக்கு மாத்திரையிலேயே முடிந்துவிடும். நான் சொல்ல வந்தது 4 வாரத்தைப் பற்றி. காய்ச்சல் நான்காம் நாளே போய்விட்டது. எட்டாம் நாள் நன்றாக இருந்தேன். "எதுக்குங்க இன்னும் ஊசி?" என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னது என் மண்டையில் ஏறியது. புராஸ்டேட் சாதாரணமாக மருந்தை எளிதில் உள்ளே விடாத சுரப்பி. தொற்று கொதிக்கும்போது அதன் சுவர் இளகிப் பல மருந்துகள் உள்ளே போகின்றன. வீக்கம் வடிய வடியச் சுவர் இறுகிவிடும். உள்ளே மிச்சமிருக்கும் கிருமி அங்கேயே பதுங்கிக்கொண்டு, நாள்பட்ட தொற்றாக மாதா மாதம் தலைகாட்டும். அதனால்தான் சாதாரண நீர்க்கடுப்புக்குக் கொடுக்கிற மாதிரி 3 நாள், 5 நாள் கணக்கு இங்கே செல்லாது. 2 முதல் 4 வாரம், சிலருக்கு அதற்கும் மேல். சிறுநீரோடு மட்டும் போகும் நைட்ரோஃபுரான்டாயின் போன்ற மாத்திரை சிறுநீர்ப்பைக்கு நல்லது, ஆனால் சுரப்பிச் சதைக்குள் போய்ச் சேராது. முடிந்த பிறகு மறுபடி ஒரு கல்ச்சர் எடுத்துப் பார்த்தார்கள். சுத்தம்.

மருந்து சரியாக இருந்தும் ரெண்டு நாளில் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் சுரப்பிக்குள் சீழ் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பார்கள். கட்டியிருந்தால் சீழை வெளியே எடுக்க வேண்டி வரலாம். இங்கே விவசாயக் குடும்பங்கள் நிறைய இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் ஒரு கிருமியால் மெலியாய்டோசிஸ் என்ற நோய் வரும், சர்க்கரை உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். அது புராஸ்டேட்டில் சீழ்க் கட்டியாகவும் வரும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இந்நோயைத் தங்கள் நோயாளிகளிடம் கண்டு எழுதியிருக்கிறார்கள். இந்த நோயை 1912-ல் ரங்கூனிலிருந்து உலகுக்குச் சொன்னவர்கள் விட்மோர் என்ற வெள்ளைக்காரரும் கிருஷ்ணசாமி என்ற உதவி மருத்துவரும். வழக்கமான மருந்துகள் பல அதற்குப் பலிக்காது, மாதக் கணக்கில் வைத்தியம் உண்டு. சேற்றில் வேலை செய்கிறவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை என்றேன். அதுதான் எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. சேர்ந்த ராத்திரி என் சர்க்கரை 340. மூன்று மாதச் சராசரி பார்த்தால் 9.8. எனக்கு அப்போது 35 வயது. எங்கள் அப்பச்சிக்குச் சர்க்கரை, பெரியப்பாவுக்குச் சர்க்கரை, நான் மட்டும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் இந்த மாதிரித் தொற்று எளிதாக வரும், வந்தால் வேகமாகவும் பரவும். இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன், 6.7-ல் இருக்கிறது. பந்தியில் ஜிலேபியைப் பார்த்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

வயதில் மூத்தவர்களுக்கு ஒன்று. எங்கள் சொந்தத்தில் ஒரு மாமா இதே மாதிரிக் காய்ச்சல் வந்து குணமாகிப் பத்து நாளில் முழு உடல் பரிசோதனைக்குப் போனார். பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை, புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவுவது. அது ஏகமாக ஏறியிருந்தது. வீட்டில் யாரும் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை வெசனத்திலேயே இளைத்துப்போனார்கள். தொற்று வந்தாலும் பி.எஸ்.ஏ. ஏறும், இறங்க ஒன்றிரண்டு மாதமாவது ஆகும் என்று அப்புறம்தான் தெரிந்தது. மறுபடி எடுத்தபோது சரியாக இருந்தது. அந்த ஒரு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்?

அடிவயிற்றுக்குக் கீழே வலி என்றாலே எல்லாம் இதுதான் என்றும் பயப்பட வேண்டாம். காய்ச்சல் இல்லாமல் மாதக் கணக்கில் மந்தமாக இருக்கும் வலிகள்தான் அதிகம், அவற்றில் பெரும்பாலானவற்றில் கிருமியே இருக்காது, அதற்கு வைத்தியம் வேறு. நான் பேசும் நோய் எண்ணிக்கையில் குறைவு. வந்தால் நாள் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில் முடிவெடுக்க வேண்டியது. பணத்துக்குப் பயந்து யாரும் வீட்டில் கிடக்க வேண்டியதில்லை. இந்த அவிநாசியிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, திருப்பூரில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கோவையில் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. ராத்திரி 2 மணிக்கு மச்சான் இல்லாதவர்களுக்கு 108 இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா என்னை இந்த ஊர்க் கோயிலுக்குக் கூட்டி வந்தார்கள். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட தலம் அல்லவா. சந்நிதியில் நின்றுகொண்டு, "எம் பையனும் முதலை வாயில போயிட்டு வந்தவன்தான்"னு பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் சொன்னார்கள். அந்த அம்மா "என்னங்க ஆச்சு?"ன்னு கேட்டார்கள். எங்கம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "காச்சலுங்க"ன்னாங்க. நான் சும்மா இருக்காமல், "ஒண்ணுக்குப் போற எடத்துல சீக்குங்க"ன்னேன். எங்கம்மா என் தொடையில் கிள்ளியது இன்னும் வலிக்கிறது. அந்த அம்மா சிரிக்கவில்லை. "எங்கூட்டுக்காரருக்கும் ஒரு வாரமா எரிச்சல்னு சொல்றாருங்க, நேத்து ராத்திரி குளுருன்னும் படுத்துக்கிட்டாருங்க"ன்னாங்க. கோயில் வாசலில் இருந்தே ஆட்டோ பிடித்து அனுப்பி வைத்தோம்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். பின்னால் வலது பக்க மேசையில் நம் சங்கத்தின் சார்பில் இலவசச் சர்க்கரைப் பரிசோதனை வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் பந்தி போட இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. முப்பது தாண்டியவர்கள் முதலில் அந்த மேசைக்குப் போய்விட்டு வாருங்கள். தனியாக ஏதாவது கேட்க வேண்டும் என்றால் நான் மண்டபத்துக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் நிற்கிறேன்.